சலாம் ரவுண்டு

புதிதாக ஒரு கன்சோல் சந்தைக்கு வந்தால் போதும், ஊரே குமுதவல்லியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வாங்கலாமா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் நேரலையில் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்காக ஆறு லட்சம் பேர் காத்திருப்பார்கள். நிகழ்ச்சியின் பெயரே 'வாங்கலாமா?' தான். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே "வேற லெவல் மக்களே!" என்று கூவுகிற ரகம் இல்லை அவள். மூன்று வாரம் ஆடுவாள். அப்புறம் நேரலையிலேயே ஒரு நிஜ ஆளோடு மோதுவாள். ஜெயித்தாலும் தோற்றாலும் அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

சுடர்-7 கன்சோல் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. இந்த முறை என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. வாங்குங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க.

காரணம் அவளுடைய வலது கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஷேர் ஆட்டோ ஒன்று கவிழ்ந்தது. அதில் இருந்த ஐந்து பேரில் நாலு பேர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். குமுதா மட்டும் முழங்கையில் ஒரு நரம்பைக் கொடுத்துவிட்டு வந்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பாதி மரத்துப் போயின. ஒரு காலத்தில் 'கோதா' என்கிற சண்டை விளையாட்டில் சிலம்பக்காரி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் ரிச்சி தெருவே கூடி நிற்கும். அப்படிப்பட்டவள் நேற்று விளையாடத் தொடங்கியவர்களிடமெல்லாம் உதை வாங்கினாள். நிகழ்ச்சியில் சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

சுடர்-7 வந்த மூன்றாம் நாள் எல்லாம் மாறிவிட்டது. இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலப்பக்கம் கம்பைச் சுழற்றுவாளே, அந்த அடி பழையபடி விழுந்தது. விரல் மரத்த விஷயமே இயந்திரத்துக்குத் தெரியவில்லை. "நீங்க அழுத்துறதுக்கு முன்னாடியே" என்று விளம்பரத்தில் சொன்னார்கள். விளம்பரக்காரர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அன்றைக்குக் கடையிலேயே அழுதுவிட்டாள்.

கடை என்றால் கபூர் பாய் கடை. ரிச்சி தெருவின் சந்து ஒன்றில் பழைய கன்சோல்களை வாங்கி, பழுது பார்த்து, விற்கிற கடை. குமுதா பதினாறு வயதிலிருந்து அங்கேதான் ஆடுகிறாள், இப்போது முப்பத்தொன்பது. நிகழ்ச்சியும் அங்கிருந்தேதான்.

சந்தோஷத்துக்கு நடுவே ஒரே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அது சேவியர் அண்ணன் விஷயம்.

சேவியர் அந்தக் கடையில் அவளுக்கு ஜோடியாக வளர்ந்த ஆட்டக்காரர். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறார். தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் அங்கே உட்காருவார், இவள் இங்கே உட்காருவாள். இந்தப் பழக்கம் பன்னிரண்டு வருஷமாக, அவள் விபத்தில் கிடந்த நாட்களைத் தவிர, ஒரு நாள் தவறியதில்லை. ஆட்டத்தின்போது பேச்சு கிடையாது. பேசிக்கொண்டே ஆடுகிறவன் ஆட்டக்காரனே இல்லை என்பது அவர் கட்சி. அவரும் வந்த அன்றைக்கே சுடர்-7 வாங்கிவிட்டார். இருபது நாளில் பதினொரு ஆட்டம் இவளுக்கு, ஒன்பது அவருக்கு. ஆனால் ஒரு நாள்கூட அவர் சலாம் வைக்கவில்லை.

சலாம் என்பது கபூர் பாய் கடையில் பிறந்த வழக்கம். கோதாவில் மூன்று ரவுண்டு. முதல் இரண்டையும் ஒருவரே ஜெயித்துவிட்டால் மூன்றாவது வெறும் சம்பிரதாயம்தான். அப்போது ஜெயித்தவர் கம்பைத் தாழ்த்தி மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பார். தோற்றவர் முதல் அடியை அடித்துக்கொள்ளலாம். கடையில் ஒரே ஒரு கன்சோல் இருந்த காலத்தில், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மூஞ்சி தொங்கிப்போய் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று வந்த பழக்கம். சலாம் வைக்காதவனைக் கடையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட சேவியர் அண்ணன் இருபது நாளாகச் சலாம் வைக்காமல் மூன்றாவது ரவுண்டிலும் அடித்து நொறுக்கினால் மனசு என்ன பாடுபடும்? குமுதாவுக்கும் ரோஷம் உண்டு. என்ன கோபமோ, அவரே போன் பண்ணட்டும் என்று விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவளும் சலாம் வைத்தபாடில்லை. வைக்கத்தான் பார்த்தாள். ஆனால் விரலைத் தளர்த்தினாலும் சிலம்பக்காரி பாய்ந்துவிடுகிறாள். மரத்த கட்டை விரல் தானாகத் துடிக்கிறது போல என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் அமுதினி அவள் கையில் பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தாள். குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"ஒன்பது கிலோ," என்றாள் அமுதினி. மறுபடி அழுத்தச் சொன்னாள். மறுபடியும் ஒன்பது. "போன மாசம் பதினாலு இருந்துச்சே குமுதாக்கா. விளையாடுறத நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்துறதா? தினம் ரெண்டு மணி நேரம் ஆடுறேன். முன்னைவிட நல்லாவே ஆடுறேன்."

"அப்படின்னா கூடத்தானே செய்யணும்? அந்தப் பழைய பட்டன அழுத்தி அழுத்தித்தான் இவ்வளவு தூரம் வந்தீங்க. அதுதான் உங்க மருந்துன்னு நானே சொன்னேனே." அமுதினி புருவத்தைச் சுருக்கினாள். "இந்த விரல் மூணு வாரமா வேலையே செய்யல. விரல் பொய் சொல்லாது. இப்படியே விட்டா அஞ்சுக்கு இறங்கிடும், அப்புறம் ஏத்தறது கஷ்டம்."

குமுதாவுக்குச் சுருக்கென்றது. ஆட்டோ பிடித்து நேரே கடைக்குப் போனாள். ஜும்மா தொழுகை நேரம், கடை சாத்தியிருந்தது. அவளிடம் ஒரு சாவி உண்டு. ஷட்டரைத் தூக்கி உள்ளே போய், சுடர்-7-ஐ உயிர்ப்பித்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். சேலத்திலிருந்து யாரோ ஒருவர் எதிராளியாக வந்தார். முதல் ரவுண்டில் போக்குக் காட்டி அடித்தாள், ஆள் காலி. இரண்டாவதும் அப்படியே. 'வேலையே செய்யலயாம்ல! இதோ பாரு' என்று அமுதினியிடம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே ஆடினாள்.

மூன்றாவது ரவுண்டு முடிகிற நேரத்தில் கபூர் பாய் தொப்பியோடு உள்ளே வந்தார். மேசைக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். திரையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னாத்துல ஆடுற நீ?"

"ஏன் பாய்? இதுலதான்."

"அதோட பேட்டரி இங்க இருக்கே!"

கபூர் பாய்க்கு இது இருபது வருஷத்துப் பழக்கம். ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பேட்டரிகள் கசிந்து நாற்பது கன்ட்ரோலர்கள் பாழாய்ப் போனதிலிருந்து, தினமும் கடை சாத்துமுன் ஒவ்வொன்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி அந்த டின்னில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மறுநாள் ஆடுகிறவர் கேட்டால் எடுத்து மாட்டிக் கொடுப்பார். வியர்வை படாமல் இருக்கக் கன்ட்ரோலர்களுக்கு ரப்பர் உறை போட்டிருந்ததால் விளக்கு எரிகிறதா என்பது வெளியே தெரியாது. அதிர்ந்தால் கை வலிக்கிறது என்று அதிர்வைக் குமுதாவே நிறுத்தி வைத்திருந்தாள்.

அவள் கன்ட்ரோலரைத் திருப்பி உறையை உரித்தாள். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

"இன்னொரு ஆட்டம் போடு," என்றார் பாய். "கைய மடியில வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டாள். மதுரைக்காரர் ஒருவர் வந்தார். சிலம்பக்காரி இடப்பக்கம் போக்குக் காட்டினாள். குமுதா அதே நொடியில் அங்கேதான் போக்குக் காட்ட நினைத்திருந்தாள். கம்பு சுழன்றது, மதுரைக்காரர் விழுந்தார். அவள் உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

"என் ஆட்டம்தான் பாய். அச்சு அசல் என் ஆட்டம். நான்தான் அதுல இல்ல."

பாய் டீ வாங்கப் போனார். அவள் அங்கேயே இருந்து விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நிரஞ்சனா என்கிற மேலாளர் எடுத்தாள். நல்ல பெண். ஒளிக்கத் தெரியாதவள், அல்லது ஒளிக்க எதுவும் இல்லை என்று நம்புகிறவள்.

"அதுதானே மேடம் இதோட சிறப்பே!" என்றாள். "உங்க கணக்குல பன்னிரண்டு வருஷ ஆட்டம் இருக்கு. அத்தனையும் படிச்சுக்கும். கேமரா உங்க கண்ணையும் தோளையும் பாக்கும். நீங்க என்ன செய்வீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு செஞ்சிடும். நீங்க அழுத்துறது வெறும் ஒப்புதல்."

"ஒப்புதல் வரலேன்னா?"

"வந்த மாதிரி எடுத்துக்கும். அதுக்குப் பேரு ஆஜர் வசதி. உங்களுக்கு ஒரு நேரத்துல ஆடுற வழக்கம் இருந்தா, நீங்க வர முடியலேன்னாலும் அது உங்களுக்காக ஆடிடும். வரிசையில உங்க இடம் இறங்காது. பெட்டி வாங்கும்போதே அது போட்டுத்தான் வரும்."

"ஜெயிச்சதுக்கப்புறம் மூணு விநாடி சும்மா நிக்கணும்னு நெனச்சா ஏன் நிக்க மாட்டேங்குது?"

"சும்மா நின்னா அடி விழும்ல மேடம்? அதைக் கவனக்குறைவுன்னு எடுத்துக்கிட்டுத் திருத்திடும்."

"அது கவனக்குறைவு இல்லம்மா, மரியாதை."

"ஆஜரை நிறுத்தி வைக்கலாம் மேடம். ஆனா நிறுத்திட்டா இது சுடர்-6 மாதிரியேதான் ஓடும். உள்ள வேற புதுசு ஒண்ணுமில்ல." பிறகு தணிந்த குரலில் சொன்னாள், "கை முடியாதவங்க எத்தனை பேர் இதுல சந்தோஷமா இருக்காங்க தெரியுமா? நீங்களே இருந்தீங்களா இல்லையா?"

குமுதா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். இருந்தாள்தான். இருபது நாளும் றெக்கை முளைத்தது போல இருந்தாள். கை முடியாதவர்களுக்காக ஆட்டத்தை இலகுவாக்கும் எதையும் அவள் என்றைக்கும் குறை சொன்னதில்லை. ஆனால் இது அவளை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, அவள் பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையைச் சோம்பேறியாக்கி, அஞ்சு கிலோவுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் சேவியர் அண்ணன் ஞாபகம் பளிச்சென்று வந்தது. சலாம் வைக்காதது தன் கட்டை விரல் இல்லையென்றால், அங்கேயும் அது சேவியர் அண்ணன் இல்லை. அடப்பாவி, இத்தனை நாள் ஒரு பெட்டிமேலா ரோஷம் காட்டினோம்? உடனே போனை எடுத்தாள்.

எடுத்தது சேவியரின் மனைவி பிலோமி.

"அண்ணி, குமுதா பேசறேன். அண்ணன் இருக்காரா? நேத்து ஆட்டத்துல என்னை வெளுத்து வாங்கிட்டாரு, அதான்..."

"நேத்தா?" பிலோமியின் குரல் மாறியது. "என்ன குமுதா சொல்லுத? அவுக ஆஸ்பத்திரியில கெடந்து பன்னெண்டு நாளாச்சு. நெஞ்சுவலின்னு சேத்தோம். நாலு நாளு ஐசியூ. வீட்ல பூட்டுல்லா தொங்குது!"

பன்னிரண்டு மாலைகள். ஏழு மணியானால் பூட்டிய வீட்டுக்குள் ஒரு திரை வெளிச்சமாகியிருக்கிறது. இங்கே இவள் உட்கார்ந்து அதோடு பல்லைக் கடித்துக்கொண்டு மோதியிருக்கிறாள்.

"எனக்கு ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். அவுகதான் வேண்டாம்னுட்டாக. உன் மேல ரொம்ப வருத்தம் அவுகளுக்கு. 'பன்னெண்டு வருசத்துல இல்லாத வழக்கமா குமுதா சலாம் வைக்க மாட்டேங்கு. நானும் வைக்கலாம்னா கை நடுங்கித் தப்பா அடிச்சிருது. அது கோவிச்சுக்கிட்டு போலுக்கு'ன்னு பொலம்பிட்டே கெடந்தாக. மயக்கம் தெளிஞ்சதும் மொதல்ல அதத்தான் கேட்டாக, குமுதா போன் பண்ணுச்சான்னு."

ஒரு போன் பண்ணியிருக்கலாம். இருபது நாளில் ஒரே ஒரு போன். வீம்பு பிடித்த கழுதை நீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எப்ப அண்ணி வீட்டுக்கு விடறாங்க?"

"நாளைக்கி."

"ஞாயித்துக்கிழம காலையில நான் அங்க இருப்பேன். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

டீயோடு வந்த பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய சுடர்-6-ஐ இறக்கித் துணிப் பைக்குள் வைத்தாள். "யோசிச்சுக்கோம்மா," என்றார் பாய். "அந்தப் பொட்டிய வேணாம்னு சொன்னா நீயும் பழசுக்குத்தான் திரும்பணும். ஆறு லட்சம் பேர் முன்னாடி தோத்துக்கினே இருப்ப."

"தோக்கறேன் பாய். அந்தத் தோல்வியாவது என்னுதா இருக்கும்ல?"

பாய் டின்னைத் திறந்து, நல்ல பேட்டரியாக இரண்டைத் தேர்ந்தெடுத்து அவள் பையில் போட்டார்.

சேவியர் இளைத்துப்போயிருந்தார். கைலியும் தொளதொளத்த சட்டையுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க அண்ணே," என்று குமுதா அதட்டினாள். இருவருக்கும் கண் கலங்கியது. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சேவியர் திரையில் தன் கணக்கைத் திறந்தார். ஐம்பத்தெட்டாம் இடத்திலிருந்தவர் மாநில வரிசையில் முப்பத்தொன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தார்.

"ஏ பிலோமி, இங்க வந்து பாரு! ஐசியூல கெடந்த நாலு நாள்ல மூணு ஆட்டம் ஜெயிச்சிருக்கேன்!" சிரிக்க ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "நான் செத்துப்போயிருந்தா தங்கச்சி, இது எத்தன நாள் ஆடிக்கிட்டே இருந்திருக்கும்?"

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு நேரலை தொடங்கியது. சேவியர் வீட்டு சுடர்-7-இல் அவர் கணக்கு. கடையிலிருந்த சுடர்-7-இல் இவள் கணக்கு, அதன் முன்னால் கபூர் பாய் ஒரு காலி நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். இங்கே இருவரும் கேமராவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிலோமி டீ கொடுத்தாள். திரையில் குமுதாவும் சேவியரும் சுழன்று சுழன்று மோதிக்கொண்டார்கள். வெளியே குமுதாவும் சேவியரும் டீ குடித்தார்கள்.

"இதுல சலாம் எப்ப வருதுன்னு பாருங்க மக்களே," என்றாள். முதல் இரண்டு ரவுண்டும் ஒருவருக்கே போயின, மூன்றாவதும் போனது. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. எப்போதும் வெள்ளமாக வரும் கருத்துகள் அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்றே போயின. ஆஜர் வசதி என்ன என்பதையும், அதை எங்கே நிறுத்தலாம் என்பதையும், நிறுத்தினால் பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை என்பதையும் அவள் நிதானமாக விளக்கினாள். தன் பிடி பதினாலிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியதையும் மறைக்காமல் சொன்னாள்.

பிறகு பையிலிருந்து சுடர்-6-ஐ எடுத்துப் பக்கத்திலிருந்த பழைய டிவியில் மாட்டினாள். ஒரே பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர். பேட்டரியைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுப் போட்டாள்.

கண்ணராவியான ஆட்டம் அது. அவள் போக்குக் காட்டினால் சிலம்பக்காரி தடுமாறி விழுந்தாள். சேவியருக்கு மூச்சு வாங்கியது, நடுநடுவே நிறுத்தித் தண்ணீர் குடித்தார். முதல் ரவுண்டு அவருக்கு. இரண்டாவதில் குமுதா விரல் நோக நோக அழுத்தினாள். வலி முழங்கை வரை ஏறியது. அதுவும் அவருக்குத்தான்.

மூன்றாவது ரவுண்டு தொடங்கியது. சேவியரின் ஆள் கம்பைத் தாழ்த்தினான்.

ஒன்று.

குமுதா கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்தாள். இரண்டு. அழுத்தினாள், விரல் வழுக்கியது. மூன்று எண்ணி முடிந்தது. சேவியர் அசையவில்லை. நாலு, ஐந்து என்று அவர்பாட்டுக்கு நின்றார். குமுதா இன்னொரு முறை, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தினாள். அடி விழுந்தது.

"அப்படிப் போடு!" என்றார் சேவியர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள். "வாங்க வேண்டாம்."

அப்போது அணைக்க மறந்த சுடர்-7-இன் திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. இவ்வளவு நேரமும் அதன் கேமரா இருவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

'புதிய அசைவு கண்டறியப்பட்டது: மூன்று விநாடி அசையாமல் நிற்றல். சேமிக்கவா?'

கீழே 'சேமி', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள். யாரும் எதையும் தொடவில்லை. 'சேமி' தானாகவே ஒளிர்ந்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் மெல்ல நிறைய ஆரம்பித்தது.

குமுதா எழுந்து சுவரோரம் போனாள். பிளக் இறுகியிருந்தது. வலது கையால் பற்றி இழுத்தாள், வரவில்லை. வட்டம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, அதே கையால் மறுபடி இழுத்தாள். படக்கென்று வந்தது. திரை இருண்டது.

"இடது கையால புடுங்கியிருந்தா மொதத்தரமே வந்திருக்கும்லா?" என்றார் சேவியர்.

"வந்திருக்கும்," என்றாள் குமுதா, மூச்சு வாங்க. வந்து உட்கார்ந்து, சிவந்துபோன விரல்களால் கன்ட்ரோலரை எடுத்தாள். "ரவுண்டு இன்னும் முடியல அண்ணே. ஆடுங்க."